டோக்கன் நாற்பத்தேழு

காவேரிப்பட்டணத்தில் ஏற்றிய பெங்களூரா காய்,
மூணு டன்.
பர்கூர் பக்கம் கூழ் ஆலை.
பதினொன்றுக்குள் போய்ச் சேராவிட்டால்
ராத்திரி முழுக்க கேட்டுக்கு வெளியேதான்
கொசுவோடு.

கிருஷ்ணகிரி ரவுண்டானாவில்
பிளாட்பாரத்திலிருந்து இறங்கினாள் ஒருத்தி.
கால் மட்டும் இறங்கியது.
முகம் உள்ளங்கையிலேயே இருந்தது,
யாரோ என்னமோ அனுப்பியிருக்க வேண்டும்,
சிரிப்பு பாதி வந்திருந்தது.

ஹாரன் அடித்தேனா, ஞாபகமில்லை.
அவள் காதில் வெள்ளையாய் இரண்டு மொட்டு.
பிரேக்கை மிதித்த மிதியில்
மூணு டன்னும் முன்னால் வந்து
என் முதுகைத் தட்டிவிட்டுப் போனது.
லோடு மேலே இருந்த திம்மராயன்
என் அம்மாவை இழுத்துத் திட்டினான்.
ஏழெட்டுக் காய் தார் ரோட்டில் ஓடின,
ஒன்று அவள் செருப்பில் முட்டியது.

குனியாமல், நிமிராமல்
அதைக் காலால் ஒதுக்கிவிட்டு
எதிர்ப்பக்க பேக்கரி நிழலில் ஏறி
மீதிச் சிரிப்பைச் சிரித்தாள்.

அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை.
இன்றைக்கு என்ன விசேஷம் என்று
வீட்டில் யாராவது கேட்டால்
ஒன்றுமில்லையே என்பாள்.
பொய்யே இல்லை அது.

எனக்குத்தான் இந்த முழங்கால்
நிறுத்தியும் நிற்காத மோட்டார் மாதிரி
அடித்துக்கொண்டே இருக்கிறது.
ஓரம் கட்டு, ஒரு டீ குடிப்போம் என்கிறான் திம்மராயன்.
இந்தக் காலத்துப் பிள்ளைங்க, என்று ஆரம்பிக்கிறான்.
நான் ம் கொட்டவில்லை.

அவள் இறங்கிய அந்த நொடியில்
ஸ்டியரிங் பக்கத்தில் என் போனும் வெளிச்சம் போட்டது.
ஆலையிலிருந்துதான்.
‘டோக்கன் நாற்ப’ வரைக்கும்
படித்திருந்தேன்.