ஒத்துக்கொள்ளாதது

இரவு ஷிப்ட் முடிந்து
ஜெலுத்தோங் சந்தையோரக் கடையில் இறால் மீ.
ஐந்தாவது வாயில் உதடு தடித்தது.
எட்டாவதில்
என் தொண்டை எனக்கே கதவைச் சாத்தியது.

எதிரே சியூ பெங், குச்சியை நழுவவிட்டு
மலாயில் ஏதோ கத்தினாள்.
அவளுடைய மைவி மூன்று சிவப்பு விளக்குகளை மதிக்கவில்லை.
தொடையில் ஊசி.
பிறகு, ஓட்டைக் குழாயில் தண்ணீர் வருவதுபோல்
கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று.

நாற்பத்திரண்டு வயது வரை
இறால் தின்று வளர்ந்த உடம்பு இது.
"திடீர்னு எப்படி ஒத்துக்காம போகும்?"
நாத்தனார் கேட்டாள், நான் பொய் சொல்வதுபோல.
ஒத்துக்கொள்ளவில்லை என்கிறோம்.
பொருந்தவில்லை என்றும் அர்த்தம்,
ஒப்ப மறுக்கிறது என்றும்.

ஆறு வாரம் கழித்து, பெரியாஸ்பத்திரி.
முன்கையில் பேனாவால் எண்கள்,
எண்ணுக்கொரு துளி, துளிக்கொரு குத்து.
கால் மணி நேரம் சொறியக் கூடாது.
ஏழு வீங்கியது; அது இறால், எதிர்பார்த்ததுதான்.
மூன்று அதைவிடப் பெரிதாக வீங்கியது.
"தூசிப்பூச்சி," என்றார் டாக்டர் ஹஸ்லிண்டா,
"கண்ணுக்குத் தெரியாது. உங்கள் தலையணையில் இருக்கும்.
காலையில் தும்மல் உண்டா?"

இருபது வருஷமாக உண்டு.
மழைக்காலத் தும்மல் என்று பெயர் வைத்திருந்தேன்,
வருஷம் முழுக்க.

அந்தப் பூச்சிக்கும் இறாலுக்கும்
தசையில் ஏறக்குறைய ஒரே புரதமாம்.
பூச்சியைப் பார்த்துப் பார்த்துப் படித்த ரத்தம்
ஒருநாள் கிண்ணத்தில் அதே சாயலைக் கண்டிருக்கலாம்.
"இருக்கலாம்," என்று இரண்டு முறை சொன்னார்.
அந்தச் சொல்லுக்காகவே அவரை நம்பினேன்.

எனக்கு இது புரியும்.
பாயான் லெப்பாசில் என் வேலையே
நல்லது கெட்டது பிரிப்பது.
போன வருஷம் எங்கள் லைனுக்குப் புது இயந்திரம் வந்தது.
விரிசல் விட்ட சில்லுகளின் படங்களைக் காட்டிப் பழக்கினார்கள்.
மறுவாரம் அது நல்லவற்றைத் தட்டு தட்டாகத் தள்ளியது,
மூவாயிரத்துச் சொச்சம்.
விளக்கை யாரோ நகர்த்தியிருந்தார்கள்;
நிழல் விரிசல்போல் விழுந்திருந்தது.
அதற்கு யார்மேலும் விரோதமில்லை.
கெட்டது ஒன்று தப்பிவிடுமோ என்ற பதற்றம்,
அவ்வளவுதான்.

என் தோலடியிலும் மூச்சுக்குழாயிலும்
மாஸ்ட் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன,
ஷிப்ட் மாற்ற ஆளில்லாமல்,
மடியில் ஹிஸ்டமின் பொட்டலங்களோடு,
மேலெல்லாம் அந்தப் புரதத்துக்கென வெட்டிய கொக்கிகளோடு.
புழுக்களை விரட்டச் சேர்த்த படை என்று ஒரு கருத்து.
என் வயிற்றில் புழு இல்லை.
சம்பளம் வாங்கிக்கொண்டு
சும்மா இருக்கத் தெரியாதவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது வாரம் ஒருமுறை
தலையணை உறைகளை வெந்நீரில் போடுகிறேன்.
பதினான்காவது மாடிக் கம்பியில் அவை காய்கின்றன,
தூரத்தில் பாலம்.
கீழ்வீட்டில் யாரோ பெலாச்சான் வறுக்கிறார்கள்;
எச்சில் ஊறுகிறது.
நாக்குக்கு இன்னும் செய்தி போகவில்லை.

நேற்று ஆலை வாசலில் புது காவலர்,
பொக்காராவிலிருந்து வந்த பையன்,
என் பையில் இருந்த ஊசிப்பேனாவை எடுத்துப் பார்த்தான்.
"இது என்ன, காக்கா?"
டாக்டர் கொடுத்த அட்டையைக் காட்டினேன்.
உதட்டை அசைத்துப் படித்தான், முழுவதும்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
பேனாவை இருந்த இடத்திலேயே வைத்து
ஜிப்பை இழுத்து மூடி
"போங்கள்" என்றான்.

உள்ளே போனதும் ஒரு தும்மல்.
அந்த ஹாலில்
தூசியே கிடையாது.