புள்ளடி

படிவத்தில் மூன்று கட்டம்.
வெல்டிங், டிங்கரிங், மோட்டார் மெக்கானிக்.
புள்ளடி ஒன்றுக்குத்தான்.

சம்மாந்துறை நெல் மில்லின் பின்வளவில்
கோழி அடைத்துக் கிடந்த மொறிஸ் மைனரை
இழுத்து வந்து ஒரு வருசம்.
கூரையை அறுத்து மூன்றங்குலம் இறக்கினேன்.
கதவையும் அறுத்தேன்.
அன்றிலிருந்து அது பூட்டுப்படுவதில்லை.

"கட்டாருக்கு எது கெதியா எடுபடும்?"
உம்மா.
வெல்டிங்தான் உம்மா.

"எஞ்சின் தெரியாதவன் கார் கட்டுறானாம்."
றைசுல் காக்கா,
ஸ்பேனரைத் துடைத்தபடி.

இரவு, டோர்ச் வெளிச்சத்தில்
கதவைச் சாத்திப் பார்த்தேன்.
மேல் இடுக்கில் சுண்டுவிரல் போகிறது.
கீழே
இந்தப் படிவம்கூடப் போகவில்லை.
தள்ளினேன்.
கிழிந்தது, ஓரமெல்லாம் கிறீஸ்.

நாளைக்கு இன்னொன்று கேட்க வேணும்.
கிளாக் ஏசுவார்.
டிங்கரிங் என்று கேள்விப்பட்டால்
உம்மாவும்.