செம்புக் குண்டுக்குள் இருந்தவை

மொராவியக் குன்றின் மாதா கோவில்.
கோபுரச் சிலுவைக்கு அடியிலிருந்த செம்புக் குண்டை
வெண்டலீன் கழற்றினான்.
உள்ளே ஈயப் பெட்டி, மடித்த தாள்கள்.

1784:
'கோதுமை மூட்டை இரண்டு வெள்ளி.
ஆலங்கட்டியில் திராட்சை போயிற்று.
சுரூபத்துக்குப் புதுப்பொன் பூசினோம்,
கடனுக்கு.'

1917:
'பெரிய மணிகள் இரண்டும் பீரங்கிக்குப் போயின.
சின்னது குளத்தில் கிடக்கிறது.
யாரிடமும் சொல்லாதீர்கள்.'

1953, பென்சிலில்:
'கூரை வேய்ந்தோர் நால்வர்.
பெயர் எழுதக் கூடாதாம்.'
அதன்கீழ்
தாரில் பதிந்த நான்கு கட்டைவிரல்கள்.

கீழே
இருபத்தெட்டுப் படிகளையும்
முழந்தாளால் ஏறுகிறது ஒரு கூட்டம்.
நடுப்படிகளில் கல்லே குழிந்திருக்கிறது.
நான் கயிற்றில் தொங்குகிறேன்,
செபம் சொல்லிப் பதினைந்து வருடமாயிற்று.

பங்குத்தந்தை ஒட்டகர் தந்த தாளில்
ஆயரின் பெயர், ரொட்டி விலை,
எங்கள் கூலி (பாதி பாக்கி என்பதை
நான்தான் சேர்த்தேன்).
பற்றவைத்து மூடும்போது கேட்டேன்:
"குளத்தில் யாராவது தேடினார்களா?"

"எந்தக் குளம்?
அறுபத்திரண்டிலேயே தூர்த்தாயிற்று.
நம் வண்டி நிற்கிறதே, அங்கேதான்."

இறங்கியதும்
கைகூடக் கழுவாமல்
வண்டியை எடுத்து
வேலியோரமாய் நிறுத்தினேன்.