துபாஷி

மூக்கையூரில் அந்த மாசி முழுக்க
எனக்கு ராத்திரிக்கு நானூறு ரூபாய்.
பி.ஏ. இங்கிலீஷ், இரண்டு அரியர்.
வேலை: மாரீத் கேட்பதைத் தமிழில் கேட்பது,
கிடைத்ததை அவளிடம் இங்கிலீஷில் சேர்ப்பது.

அவள் ஊரில் கடல் உறைந்துவிடுமாம்,
மேலே கார் ஓடுமாம்.
நண்டுவலை பிரித்துக்கொண்டிருந்த பிலோமினாள்
தலை நிமிராமல் கேட்டாள்,
"அப்ப மீனுக்கு யாரு கதவு தொறந்து விடுறது?"

மாரீத் யார் வாயிலும் நிற்கவில்லை.
மாரி என்றார்கள்.
மழை என்று அர்த்தம் சொன்னேன்.
கார்த்திகையோடு மேகம் கைவிட்ட ஊரில்
இந்தப் பெயரோடு நடக்கக் கூச்சமாயிருக்கிறது
என்றாள்.

பதினொன்றிலிருந்து நாலு வரை நடை.
டார்ச்சுக்குச் சிவப்புத் தாள்.
ஆற்று முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம்
பங்குனி ஆமை ஏறி இறங்கிய தடம்,
குட்டி டிராக்டர் ஒன்று கடலுக்குள் போனது போல.
அவள் முழங்காலிட்டு அளந்தாள்.
அளவுநாடாவின் மறுமுனை நான்.
முட்டை நூற்றுப் பதினொன்று.
குழி ஆழம், மணலின் சூடு, நாயின் கால்தடம்
எல்லாவற்றுக்கும் படிவத்தில் கட்டம் இருந்தது.
வேலியடைப்புக்குள் கொண்டுபோய்ப் புதைத்தோம்.

மணல் சூடு ஏறினால்
குஞ்சுகள் எல்லாம் பெண்ணாகப் பொரியும் என்றாள்.
நாலு மகள்களைப் பெற்ற பிலோமினாள் சிரித்தாள்:
"அப்ப எங்க வீட்டுல தரைதான் சூடு.
என் மாமியாகிட்டயும் சொல்லச் சொல்லு."

ஒரு விடியலில்
படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்த சவரிராயனிடம்
மாரீத் கேட்டாள்: நீங்கள் ஆமை தின்றதுண்டா?
அவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"தின்னுருக்கேன். மல்லாத்திப் போடுவாங்க.
அதுக்குக் கண்ணுல தண்ணி ஊறும்.
மூலத்துக்கு நல்லதுன்னு
செரட்டையில ரத்தம் புடிச்சிக் குடுப்பாரு எங்கய்யா.
குடிச்சிருக்கேன்.
போன மாசம் என் வலையில ஒண்ணு.
அறுத்து விட்டேன். ஆறாயிரம் ரூவா வலை.
இந்தத் தடவ அழுதது நான்தான்."

நான் சொன்னேன்:
ஆமாம், ரொம்பக் காலத்துக்கு முன்னால்.

அவ்வளவுதான் சொன்னேன்.
ரத்தம் அவள் படிவத்தில் சிந்திவிடும் என்று பயம்.
ஆறாயிரம் என்றால்
கை நீட்டுவது போலக் கேட்குமோ என்று வேறு.
அவள் எழுதிக்கொண்டாள்: முன்னால்.

"அம்புட்டுச் சொன்னேன்,
ரெண்டு வார்த்தையில முடிச்சிட்ட?"
"இங்கிலீஷ் சிக்கனமான பாஷை" என்றேன்.
அவர் தார்ச்சட்டியைக் கிளறினார்.

முட்டை பொரிய ஐம்பது நாள் ஆகும்.
அவளுக்கு விடுமுறை முப்பது.
கிளம்பும் முன் வேலியடைப்புக்குள் குனிந்து
மண்ணிடம் என்னவோ சொன்னாள்,
இங்கிலீஷ் இல்லை, அவள் வீட்டு மொழி.
தமிழாக்க யாரும் கேட்கவில்லை.

சித்திரையில் நிலா இல்லாத ஒரு ராத்திரி
மணல் கொதிப்பது போல அசைந்தது.
வேலியைத் திறந்துவிட்டோம்.
வந்ததெல்லாம் கடலுக்கு முதுகு காட்டித் திரும்பி
ஐஸ் கம்பெனி விளக்கைப் பார்த்து நடந்தன.
வாட்ச்மேன் போனை எடுக்கவில்லை.
வனக்காவலர் கத்திக்கொண்டே ஓடினார்.
சவரிராயன் கைலியை அவிழ்த்தார்,
உள்ளே காக்கி டவுசர்.
இரண்டு கையாலும் விரித்து உயர்த்தி
விளக்குக்குக் குறுக்கே நின்றார்,
காற்று கைலியைப் பிடுங்கப் பிடுங்க.
கட்டம் போட்ட நிழல் ஒன்று மணலில் விழுந்தது.
அதற்குள் தயங்கித் தயங்கித்
திரும்பின.

தொண்ணூற்று நாலு என்று மாரீத்துக்கு அனுப்பினேன்.
தூக்கம் வரவில்லை.
மூன்று மணிக்கு மிச்சத்தையும் தட்டினேன்:
சிரட்டை, ரத்தம், ஆறாயிரம்,
யார் எப்போது அழுதது, கைலி.
எழுத்துப் பிழைகளோடு.

இரண்டு டிக்கும் நீலமாயின.
காலையில் பதில் வந்திருந்தது, நீளமாக,
எழுத்துகளின் தலையில் இரண்டிரண்டு புள்ளியோடு
அவள் வீட்டு மொழியில்.

சவரிராயன் போனை வாங்கி
வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார்.
"என்ன சொல்லுது மாரி?"

நிறையச் சொல்கிறாள் என்றேன்.