ஆள் தேவை

பலகையை நானேதான் எழுதினேன்,
நாயுடுபுரம் சாலையைப் பார்க்க, கதவுக்கு இடப்பக்கம்.
"லாண்டரிக்கு ஆள் தேவை. அனுபவம் தேவையில்லை."
எழுதிய அன்றைக்கு
எனக்கும் அனுபவம் இருக்கவில்லை.
ஒரு பழைய மெஷின், ஒரு பேங்க் லோன்,
மூன்று லாட்ஜ்களின் அழுக்குப் போர்வை,
அவ்வளவுதான் கம்பெனி.

முதலில் வந்தவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை,
மறுநாள் வரவுமில்லை.
அடுத்து வந்தவள் மழைக்கோட்டு கேட்டாள்.
வாங்கிக் கொடுத்தேன்,
கோட்டோடு பெரியகுளம் பஸ் ஏறிவிட்டாள்.
பிறகு அமலோற்பவம்.
சம்பளம் எவ்வளவு என்பதற்கு முன்னால்
துணி காயும் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள்.
"பனி எறங்குற பக்கமா கயிறு கட்டியிருக்கீங்க."
சொன்ன கையோடு அவிழ்த்து மாற்றினாள்.
இன்டர்வியூ என்றால் இன்றுவரை எனக்கு
அவ்வளவுதான் தெரியும்.

ஆறு வருஷத்தில் கற்றது கொஞ்சம்.
அக்கா என்று கூப்பிட்டால் அட்வான்ஸ்.
ஒன்றுமே கூப்பிடாமல் வாசலில் நின்றால்
வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை.
மேடம் என்றால்
வேலையை விடப் போகிறார்கள்.

மே மாதம் நாளைக்கு நானூறு பெட்ஷீட்.
அமலோற்பவத்தின் தங்கச்சி, தங்கச்சியின் நாத்தனார்,
யார் பேரும் ரிஜிஸ்டரில் இருக்காது.
ஜூலையில் சாரல், லாட்ஜ்கள் காலி,
ட்ரையர் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்.
அப்போது நாலு பேருக்குச் சம்பளம் போட
என் வளையல்கள்
வத்தலக்குண்டு வரை போய் வரும்.
இதை அவர்களிடம் சொன்னதில்லை.
சொன்னால் அதுவும்
ஒரு மாதிரி மிரட்டல்தானே.

பூம்பாறைக் கருத்தபாண்டி
இரண்டு வருஷமாக என்னிடம்.
வந்த புதிதில் ஒரு கறையைப் போக்க ப்ளீச் ஊற்றி
நீலத் திரைச்சீலை பன்னிரண்டை
மேகம் மேகமாக வெளுக்க வைத்தான்.
கத்தினேன்.
லாட்ஜ்காரர் வெட்டிய காசில் பாதியை
அவன் சம்பளத்தில் பிடிக்கலாமா என்று
ராத்திரி முழுக்க யோசித்தேன்.
பிடித்தேன். இருநூறு இருநூறாக, ஐந்து மாதம்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
இன்றைக்கும் நீலத்துணி வந்தால்
என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் தொடுவான்.

நேற்று, அயர்ன் பெட்டிகள் ஆறிய நேரம்,
அமலோற்பவத்தோடு மடித்துக்கொண்டிருந்த
டபுள்காட் விரிப்பின் தன் முனையை
மேஜைமேல் வைத்துவிட்டு வந்தான்.
"மேடம்."

பெருமாள்மலைப் பக்கம் புது ரிசார்ட்டாம்.
சொந்த லாண்டரி, மூவாயிரம் கூட,
சாப்பாடு, தங்க ரூம்.
"திங்கக்கெழம பேச வரச் சொல்றாங்க.
என்ன கேக்கணும்னே தெரியல மேடம்."

போகாதே என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
என்னவோ, விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டேன்.
வாரத்துல ஒரு நாள் லீவு, சம்பளத்தோட.
எட்டு மணி நேரத்துக்கு மேல நின்னா ஓவர்டைம்.
பிஎஃப் நம்பர மொத மாசமே வாங்கிடு.
இஎஸ்ஐ கார்டு இருக்கான்னு பாரு.
கிழிஞ்சது, சாயம் போனதுன்னு
சம்பளத்துல பிடிப்பாங்களா,
அத எழுத்துல கேளு.

கடைசியைச் சொன்னபோது
அவன் தரையைப் பார்த்தான்.
நானும்.

அவன் வைத்த முனையை நான் எடுத்துக்கொண்டேன்.
இழுத்து உதறினோம் அமலோற்பவமும் நானும்.
நீளவாக்கில் ஒரு மடிப்பு, மறுபடி ஒன்று.
முனையோடு முனை சேர்க்க
அவள் என்னை நோக்கி நடந்து வந்தாள்.
கிட்டே வந்தும் தன் முனையைக் கொடுக்கவில்லை.

அக்கா என்று சொல்லவில்லை, மேடம் என்றும்.
"அந்தப் பிஎஃப் நம்பரு," என்றாள்,
"ஆறு வருசத்துக்கும் சேத்துக் குடுப்பாங்களா,
இல்ல புதுசா சேர்றவங்களுக்கு மட்டுந்தானா?"

விரிப்பில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது.

"ஆடிட்டரக் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

எனக்கு ஆடிட்டர் கிடையாது.
அது அவளுக்கும் தெரியும்.