பேரில் மட்டும் பட்டணம்

எங்கள் ஊர் காவேரிப்பட்டணம்.
காவேரி இங்கே வராது, ஓடுவது தென்பெண்ணை.
பட்டணம் என்றால் துறைமுகமாம்.
இங்கே வந்து நிற்பதெல்லாம்
சேலம் பஸ்ஸும் மாங்கூழ் லாரியும்தான்.

இங்கிருந்துதான் மெழுகில் கடல் வரைகிறேன்.

தேன்மெழுகு, அஞ்செட்டி மலையிலிருந்து
கெம்பன் கொண்டுவருவது.
காலும் இறக்கையும் கிடக்கும், வடிகட்ட வேண்டும்.
குங்கிலியம் நாட்டு மருந்துக் கடையில்.
எட்டுக்கு ஒன்று. கூடினால் நொறுங்கும்,
குறைந்தால் வெயிலில் வழியும்.
பலகை, மாம்பழப் பெட்டி உடைத்தது.
கடலுக்குப் பின்பக்கம்
'பெங்களூரா, முதல் தரம்' என்றிருக்கும்.

வண்ணத் தட்டு, தோசைக்கல்.
ஓர் ஓரம் நீலம், ஓர் ஓரம் பச்சை,
நடுவில் இரண்டும் கலந்து பேர் வைக்காத ஒன்று.
(மாவுக்கு வேறு கல் இருக்கிறது.
நம்பாதவர்கள் என் வீட்டில் தோசை சாப்பிடுவதில்லை.)

தண்ணீர் வரைகிற வேலைக்கு
தண்ணீர் ஒரு சொட்டு ஆகாது.
ஈரக் கையோடு வந்தால் கல் சீறும்.
தூரிகையை இழுத்தால் மூன்று விநாடி;
அதற்குள் எழுந்து, வளைந்து,
விழ மறந்து நின்றுவிடும் அலை.
பிறகு ஹீட் கன்னால் சுட வேண்டும்.
சுட்டால்தான் மேலடுக்கு கீழடுக்கைப் பிடிக்கும்.
கை ஒரு நொடி தாமதித்தால்
அலை இருந்த இடத்தில் குட்டை.

கடலைப் பார்த்ததுண்டா என்கிறார்கள்.
ஒரே முறை. கடலூரில், ஒரு கல்யாணத்துக்குப் போய்,
இரவு பதினொன்றுக்கு, கரண்ட் போன நேரம்.
பார்த்தேன் என்பதைவிடக் கேட்டேன் என்பது சரி.
வீட்டுக்காரர் வரதன் மாதம் நாலு நடை
கூழ் டிரம் ஏற்றிச் சென்னைத் துறைமுகம் போகிறவர்.
"கடல் எப்படி இருந்துச்சு?"
"கண்டெய்னர் மறைக்குது."

நுரை படிக்க
ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போனேன்.
மதகு திறந்தால் ஆள் உயரம் பொங்கும், கழிவு நுரை.
மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றேன்.
வெள்ளைக்குள் இத்தனை சாம்பல்
உண்டென்று அன்றுதான் தெரிந்தது.
என் கடல்களில் எல்லாம் அந்த நுரைதான்.
வாங்குகிறவர்களிடம் சொல்வதில்லை.

ஓசூரில் பல் மருத்துவர் ஷாஹிதா
காத்திருப்பவர்கள் அறைக்கு ஒரு கடல் கேட்டார்.
நாலடிக்கு மூன்றடி. படகு மட்டும் வேண்டாம்;
படகைப் பார்த்தால் நோயாளிக்கு
எழுந்து போய்விடத் தோன்றுமாம்.

ஏப்ரல் மாதம்.
சூளகிரியில் வேன் பஞ்சர், ஒன்றரை மணி நேர வெயில்.
பிரித்தால், தொடுவானம்
இடப்பக்கம் ஒரு விரல் இறங்கிக் கிடக்கிறது.
பத்து வருடத்தில் நான் வரைந்த எந்த அலையும்
இடம் மாறியதில்லை. இவை மாறியிருந்தன.
அழுகை வந்தது. பிளக் பாயின்ட் தேடினேன்.

கன்னம் வீங்கிய ஒருவர், வாய் குழற,
"தொப்பூர் இறக்கத்துல
பாட்டில் தண்ணி இப்படித்தான் நிக்கும்" என்றார்.
பாதி நிமிர்த்தினேன். மீதியை விட்டுவிட்டேன்.

ஆறு மாதத்தில் மெழுகின்மேல்
வெள்ளையாகப் பூக்கும், பயப்படாதே,
பழைய வேட்டியால் மெல்லத் துடை என்று
வரவேற்பில் இருந்த மஞ்சுளாவிடம் சொல்லி வந்தேன்.

போன வாரம் போன் செய்தாள்.
"நான் தொடைக்கறதே இல்லக்கா.
ஊசி போட்டு, மரத்துப்போகக் காத்திருக்கறவங்க
அவங்களாவே போய்த் தடவிக்கிட்டு நிக்கறாங்க.
கை பட்ட தண்ணியெல்லாம் பளபளன்னு இருக்குது.
மேல, கை எட்டாத எடத்துல மட்டும்
இன்னும் பனி."