மூன்று மணிக் கைது

பள்ளி விடுமுறைக்குக் கோட்டையில் வேலை.
நாளுக்கு நாற்பது வெள்ளி, மத்தியானச் சோறு தனி.
பையன்கள் போதவில்லை என்று
என் மேலுதட்டில் ஒரு மீசையை ஒட்டி
சிப்பாய் ஆக்கினார் ரஸாலி சார்.

கவினேஷ் கைதி. தப்பியோடுவான்:
பத்துக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு.
பீரங்கியைச் சுற்றி மூன்று சுற்று துரத்தி
கொடிமரத்தடியில் நான் பிடிக்கவேண்டும்.

இரண்டாம் வாரம் ஒரு சுற்றைக் குறைத்தான்.
"வெயில்லா" என்றான்.
வெயில் எனக்கும்தான்.
சிவப்புக் கம்பளிச் சட்டைக்குள்
ஒரு கெத்தல் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

நேற்று மூன்று மணி ஆட்டம்.
ஈப்போவிலிருந்து ஒரு பஸ் நிறையக் கூட்டம்,
எல்லாக் கையிலும் கைப்பேசி.
அவன் ஓடவே இல்லை.
சங்கிலி குலுங்கக் கைகளை நீட்டி
"பிடிச்சிக்கோ" என்றான்.
வசனத்தில் இல்லை அது.
அந்தக் காலத்தில்
யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.
சொல்லியிருப்பார்களோ?

அந்நேரம் பார்த்து என் மீசை
வியர்வையில் வழுக்கி
அவன் தோளில் போய் உட்கார்ந்தது.
கூட்டம் கைதட்டியது.
சார் தலையில் அடித்துக்கொண்டார்.

சாயங்காலம் பாடாங் கோத்தாவில் பசம்பூர்.
ஒரே தட்டு.
கடைசி இறால் வடையை இருவரும் பார்த்தோம்,
இருவரும் தொடவில்லை.
டிஷ்யூவில் மடித்த மீசையை எடுத்து நீட்டினான்.
"கம்பெனி சொத்து."
வாங்கிக்கொண்டேன்,
விரல்களையும் சேர்த்து.

எங்கிருந்தோ வந்த காக்கை
வடையோடு கடற்சுவர் தாண்டிப் பறந்தது.
ஒரு சிப்பாயும் ஒரு கைதியும்
பார்த்துக்கொண்டே இருந்தோம்.
யாரும் துரத்தவில்லை.